உப்புக்காற்றா, ஹார்டு டிஸ்கா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்தால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உப்புக்காற்றில் மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பையன் படிப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பங்களுக்கும்தான் தேவை. என்ன செய்யலாம்?"

புதிது வேண்டாம். மதர்போர்டு போனால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஆன் ஆகாது, இல்லையென்றால் பாதியில் அணையும். மெதுவாகவாவது ஒழுங்காக ஓடுகிறதென்றால் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல்தான். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றால் காரணம் அதுதான்.

அதன் இடத்தில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். பழைய டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும், எஸ்எஸ்டி 500 வரை போகும். கூட ஒரு 4 ஜிபி ரேம் சேருங்கள். உங்களுக்கு டிடிஆர்3 வகை ரேம்தான் வேண்டும், டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காராது. அவ்வளவுதான் செலவு.

இனி கடை விஷயம். 'ஃபுல் சர்வீஸ்' என்று பெட்டியை இரண்டு நாள் வைத்துக்கொள்ள விடாதீர்கள், கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். ரேம் எத்தனை ஜிபி காட்டுகிறது என்று கொடுக்கும் முன்பும் பாருங்கள், வாங்கும்போதும் பாருங்கள். முக்கியமாக, பழைய டிஸ்கைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். "அது வேஸ்ட், இங்கேயே கிடக்கட்டும்" என்பார்கள். ஆதார் நகல், பாஸ்புக் ஸ்கேன், வீட்டுப் படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்துவிட்டோம் என்றாலும் நம்பாதீர்கள், மீட்டெடுக்க வழி உண்டு. அப்புறம், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று திரையில் போன் நம்பர் வந்தால் கூப்பிடவே கூடாது. ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

புதிய எஸ்எஸ்டியில் எதை ஏற்றுவது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளாது. நன்றாக ஓடக்கூடிய பெட்டியை ஒரு நிறுவனத்தின் பட்டியல் குப்பைக்கு அனுப்புகிறது, சுமை நடுத்தர வீட்டுத் தலையில் விழுகிறது. இதை எப்படி ஏற்றுக்கொள்வது? கடைக்காரர் 'கிராக்' (லைசென்ஸ் இல்லாத திருட்டு) விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம். தமிழில் தட்டச்சு செய்யலாம், பிரவுசர் இருக்கிறது, பையனுக்கு வேர்டு, எக்செல் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் போதும்.

உப்புக்காற்று பொய் என்று சொல்லவில்லை. நம் கரையில் கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வைத்த பெட்டிக்குள் ஃபேன் இழுக்கும் தூசியே ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரன்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காய்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. ரேமை எடுத்து, அதன் தங்க நிறப் பட்டையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வருகிற பெட்டிகள் பல இதிலேயே சரியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே சூடு ஏறினால் ஈரம் தங்காது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள்.

தகட்டைக் கழற்றியதும் யுஎஸ்பி, ஆடியோ துளைகள் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். துளை ஓரத்தோடு நின்றிருந்தால் பயமில்லை. போர்டின் செம்புக் கோடுகளையே பச்சை தின்றிருந்தால் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி. அதனால் எஸ்எஸ்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.