களியை மட்டும் நம்பாதீர்கள், சகோதரி

கேள்வி: என் மாமனாருக்கு 61 வயது. லுங்கி நெய்கிறார். சுகர், பி.பி. இரண்டும் உண்டு. அவருக்கு மட்டும் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் களிதான் தருகிறேன். நாங்கள் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடுகிறோம். சுகர் குறையவே இல்லை. டீக்கடையில் எங்களுக்குத் தெரியாமல் போண்டா சாப்பிடுகிறார். கேட்டால் சண்டை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் களி. நம் வட ஆற்காட்டுப் பக்கம் களி என்றாலே சுகருக்கு மருந்து என்று நம்புகிறோம். கேழ்வரகு நல்ல தானியம்தான், சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் 100 கிராமில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. மாவாக அரைத்து வேகவைத்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாகிவிடும். நீங்களும் நொய் போட்டுத்தானே கிளறுகிறீர்கள்? அப்படியானால் அரிசி இன்னும் தட்டைவிட்டுப் போகவில்லை. களியை மெல்லாமல் விழுங்குவதால் எவ்வளவு உள்ளே போகிறது என்றும் தெரிவதில்லை.

ஒரு வேளைக்குச் சின்ன உருண்டை ஒன்று போதும், தட்டில் கால் பங்கு. பாதித் தட்டு கீரைக் கடைசல், அவரை, முள்ளுக்கத்தரிக்காய் என்று காயாக இருக்கட்டும். மீதிக் கால் பங்குக்குப் பயறோ முட்டையோ மீனோ. களிக்குக் கருவாடு ருசிதான், ஆனால் பி.பி. இருப்பவருக்கு அந்த உப்பு ஆகாது. ஊறுகாயும் அப்பளமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, எனக்கு மனசு கேட்காத விஷயம். வீடே சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடும்போது அவருக்கு மட்டும் தனிப் பாத்திரம். நாள் முழுக்க தறியில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றியவருக்கு அது தண்டனையாகத்தான் படும். போண்டாவுக்குப் போகாமல் என்ன செய்வார்? அவருக்குச் சமைப்பதையே எல்லோரும் சாப்பிடுங்கள். அப்பாவுக்குச் சுகர் என்றால் உங்கள் கணவருக்கும் வர வாய்ப்பு அதிகம், அவருக்கும் இது நல்லது. "மாமா, எதை விட முடியும், எதை விடவே முடியாது?" என்று அவரையே கேளுங்கள். போண்டாதான் என்றால் வாரத்துக்கு ஒன்று, வீட்டிலேயே, எல்லோர் முன்னாலும் சாப்பிடட்டும்.

மணிக்கொரு முறை தறியை விட்டு எழுந்திருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளோடு பத்து, பதினைந்து நிமிடம் நடக்கட்டும், சாப்பிட்டபின் ஏறும் சுகருக்கு அது நன்றாகவே உதவும். காலில் செருப்பு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. சில சுகர் மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் ரொம்ப இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால், அல்லது சுகர் மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதனால் சாப்பாட்டை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று மாதச் சராசரி சுகர் பார்க்கும் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அங்கே மாமா பேசட்டும். போண்டாவைப் பற்றி அவரே சொல்லுவார், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.