கொங்கு நாட்டில் கும்பினியார்: வாசகர் கேள்விகள்

கிழக்கிந்தியக் கம்பெனி (கும்பினி) கொங்குக்கு எப்போது வந்தது? (ஈரோடு வாசகர்)

இரண்டு தவணையாக வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) விட்டுக்கொடுத்தார். 1799 மே 4 அன்று அவர் போரில் மாண்டதும் கோயம்புத்தூர்ச் சீமையும் கைமாறியது.

இங்கே என்ன வியாபாரம் செய்தார்கள்? (சேலம் வாசகர்)

முக்கியமாகத் துணி. அதற்காகச் சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரி ஒருவர் இருந்தார். அந்தப் பதவியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத்துக்குச் சேலத்து இரும்பின் மேல் கண் விழுந்தது. நம் கொல்லர்கள் எஃகு உருக்கிய விதத்தை அவரே விவரித்திருக்கிறார்: தேனிரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்கட்டையைச் சிறுசிறாக நறுக்கி மண்மூசையில் (உருக்கும் மண்குடுவையில்) போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி உருக்குவார்கள். அப்புறம் ஹீத் கம்பெனியிடம் கடன் வாங்கிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது அங்கே போனது. உலைக்கு மரக்கரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ஆலை நிலைக்கவில்லை. ஹீத்தை முன்னோடி என்று கொண்டாடிவிட்டு, அவருக்கு முன்பே அந்தத் தொழிலில் தேர்ந்திருந்த கொல்லர்களை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

எங்கள் தோட்டத்துப் பட்டாவுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் உண்டா? (கோபி வாசகர்)

நிச்சயமாக உண்டு. கொங்கில் கம்பெனி செய்த பெரிய காரியமே இதுதான் என்பேன். 1792-க்குப் பிறகு கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து, குடியானவரோடு நேரடியாக வரி பேசினார்கள். குடியானவர் பெயருக்கே பட்டா கொடுத்து வரி வாங்கும் இந்த ரயத்துவாரி முறை அங்கே உருவானது. மன்றோ 1820-இல் சென்னை கவர்னரானதும் மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது. இடையில் ஜமீன்தார் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் வரி கடுமை. மழை பொய்த்த வருடத்தில் தள்ளுபடிக்கு அதிகாரியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டும். துணி வியாபாரத்தை விட நிலவரிதான் இங்கே கம்பெனியின் கஜானாவை நிரப்பியது. தாலுகா ஆபீஸில் இன்றும் வருடந்தோறும் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) அந்த ஏற்பாட்டின் சாயலைப் பார்க்கலாம்.

தீரன் சின்னமலை எப்போது தூக்கிலிடப்பட்டார்? (காங்கயம் வாசகர்)

1805-இல், சங்ககிரிக் கோட்டையில்.

கம்பெனி எப்போது ஒழிந்தது? (நாமக்கல் வாசகர்)

ஒரே நாளில் இல்லை. 1833-ஆம் வருடச் சட்டம் அதன் வியாபாரத்தை நிறுத்தியது. 1858-இல் ஆட்சி விக்டோரியா ராணியிடம் போனது. கம்பெனி கலைக்கப்பட்டது 1874-இல்.