உயரமானவனா, ரீபவுண்ட் எடுப்பவனா: முதல் ஐவரில் யாரை இறக்குவது?

கேள்வி: எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலி. அதனால் கணக்கு ஆசிரியரான என்னிடம் கூடைப்பந்து அணியை ஒப்படைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வருவாய் மாவட்டப் போட்டி. முதல் ஐவரில் நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு ஃபார்வர்டு (ரிங் பக்கம் ஆடுபவர்) இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு, ஆறடிக்கு மேல், ஆட்டத்துக்குப் பதினைந்து பதினாறு புள்ளி எடுக்கிறான். இன்னொருவன் பதினொன்றாம் வகுப்பு, அவனைவிட அரையடி குட்டை, ஏழெட்டுப் புள்ளிதான் எடுப்பான். ஆனால் ரீபவுண்ட், அதாவது ஷாட் தவறித் திரும்பி வரும் பந்து, எல்லாம் இவன் கையில்தான் போய் விழுகிறது. எங்கள் கார்டுகள் (வெளியே நின்று பந்தைக் கொண்டுபோய் ஆடுபவர்கள்) இருவருமே நன்றாக ஷூட் செய்பவர்கள். உயரமான பையனின் அப்பா, “முதல் ஐவரில் இல்லாவிட்டால் என் மகனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா போய்விடும்” என்கிறார். யாரை இறக்குவது? நடுவர் பந்தை மேலே எறிய இருவர் குதித்துத் தட்டுகிற ஜம்ப் பாலுக்கு உயரமானவன் வேண்டாமா?

பதில்: பதினொன்றாம் வகுப்புப் பையனை இறக்குங்கள் சார். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. குழப்பம் அந்த அப்பா சொன்னதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது உயரமோ புள்ளியோ இல்லை. “கார்டுகள் இருவருமே நன்றாக ஷூட் செய்பவர்கள்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ஷூட் செய்ய இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார்கள். மூன்றாவதாகவும் பந்து கேட்கிற ஒருவனை அவர்களோடு சேர்ப்பது ஒரே அடுப்பில் மூன்று பாத்திரம் வைப்பதுதான். அந்த ஐவரில் இல்லாதது, தவறிய பந்தை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். அதை இந்தக் குட்டைப் பையன் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான். இரண்டு பேரில் யார் சிறந்த ஆட்டக்காரன் என்று கேட்காதீர்கள். மற்ற நால்வரோடு சேரும்போது யார் இருந்தால் அணி நன்றாக ஆடுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாக வர வேண்டிய கட்டாயம் இல்லை.

பதினாறு புள்ளி என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கணக்கு வாத்தியார், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவன் 20 தடவை ஷூட் செய்து 8 உள்ளே போட்டால் 16 புள்ளி. மீதி 12 தடவை பந்து வெளியே வந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி எதிரணி கைக்குத்தான் போகும். இன்னொருவன் 6 தடவை ஷூட் செய்து 4 போட்டால் 8 புள்ளி, வீணானது இரண்டே இரண்டு. ஸ்கோர் ஷீட்டில் முதலாமவன் ஹீரோ. ஏனென்றால் நம் ஊர் ஸ்கோர் ஷீட்டில் போட்ட புள்ளியும் செய்த ஃபவுலும்தான் ஏறும். தவறவிட்ட ஷாட் ஏறாது, ரீபவுண்ட் ஏறாது, நல்ல ஸ்கிரீன் வைத்தது (எதிராளியின் வழியில் நின்று நம் ஆளுக்கு இடம் உண்டாக்குவது) ஏறாது. அந்த ஒரு தாளை மட்டும் பார்த்து அணி எடுக்கிற பழக்கம் மாவட்ட அளவில் இன்னும் போகவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, பையன் எவ்வளவு உயரம், எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற தேர்வாளர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எட்டாம் வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பையனைப் பிடித்து, நோட்டும் பேனாவும் கொடுத்து பெஞ்ச் ஓரத்தில் உட்காரவையுங்கள். இந்த இரண்டு ஃபார்வர்டில் யார் உள்ளே போனாலும் அந்த நேரத்து ஸ்கோரை எழுத வேண்டும், வெளியே வரும்போதும் எழுத வேண்டும். உள்ளே போகும்போது 12-12, வரும்போது 22-17 என்றால் அவனுக்கு பிளஸ் 5. பெரிய லீகுகளில் பிளஸ்-மைனஸ் என்று பெரிதாகப் பேசுவது இதைத்தான், வேறு மந்திரம் இல்லை. கூடவே இரண்டு விஷயம்: எத்தனை தடவை ஷூட் செய்தான், எத்தனை ரீபவுண்ட் எடுத்தான். போதும். இதற்குமேல் எழுதச் சொன்னால் பையன் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்து எதையும் எழுதமாட்டான்.

ஒரே ஒரு ஆட்டத்துக் கணக்கை நம்ப வேண்டாம். பக்கத்தில் யார் ஆடினார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதனால் பயிற்சி ஆட்டங்களில் அதே நான்கு பேரோடு இருவரையும் மாற்றி மாற்றி இறக்குங்கள். அப்புறம், முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்டத்துக்குப் பதினாறு புள்ளி என்று பேர் வாங்குகிற பல பையன்களின் சராசரி, ஆளில்லாத இரண்டு மூன்று பள்ளிகளை அடித்ததில் வந்ததாகத்தான் இருக்கும். உங்களுக்குச் சமமான அணியோடு ஆடியபோது என்ன செய்தான்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

டிஃபென்ஸிலும் ஒன்று பாருங்கள். பள்ளி அணிகளில் பெரும்பாலும் 2-3 ஜோன்தான் ஆடுவீர்கள்: முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது. அதில் ஃபார்வர்டின் இடம் பின்வரிசை மூலை. மூலையில் நிற்கிற ஷூட்டரை நோக்கி வெளியே ஓடி, ஷாட் எழும்பியதும் ரிங் பக்கம் திரும்பி வந்து ஆளை முதுகால் தடுத்து பாக்ஸ் அவுட் செய்ய வேண்டும். இந்த ஓட்டத்துக்கு உயரத்தைவிடக் காலும் கவனமும்தான் முக்கியம். உயரமான பையன் மூலைக்கு ஓடாமல் ரிங்குக்குக் கீழே நின்று கையை மட்டும் தூக்குகிறானா என்று பாருங்கள். பலர் அப்படித்தான். உயரமாக இருக்கிறவனை ஓடச்சொல்லி யாரும் கற்றுக்கொடுப்பதில்லையே.

உயரம் குறைந்த ஃபார்வர்டை நம்பலாமா என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2014-15 சீசன் தொடங்கும்போது அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் பவர் ஃபார்வர்டு டேவிட் லீ. இரண்டு முறை ஆல்-ஸ்டார், அணியிலேயே பெரிய சம்பளக்காரர்களில் ஒருவர், ரிங் அருகே லாகவமாகப் புள்ளி எடுப்பவர். அவருக்குத் தொடைத்தசையில் காயம். அந்த இடத்தில் இறங்கியவர் டிரேமண்ட் கிரீன், 2012 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) இரண்டாம் சுற்றில் 35-ஆவதாக எடுக்கப்பட்டவர், அந்த இடத்துக்குக் குட்டை என்று பலர் ஒதுக்கியவர். ஆனால் ஸ்டெஃபன் கறியும் கிளே தாம்ப்சனும் ஷூட் செய்துகொண்டிருந்த அணியில், ஐந்து வகை ஆளையும் தடுக்கக்கூடிய, பந்தை எடுத்து உடனே பாஸ் கொடுக்கிற ஒருவர்தான் தேவைப்பட்டார். லீ குணமாகி வந்தபோது அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அணி 67 ஆட்டங்களில் ஜெயித்து, கோப்பையையும் எடுத்தது. லீ மோசமான ஆட்டக்காரர் ஆகிவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த நால்வரோடு கிரீன் பொருந்தினார், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து ஆட்டத்துக்கு என்.பி.ஏ. உதாரணமா என்று சிரிக்காதீர்கள், இரண்டு கார்டு ஷூட்டர்கள் இருக்கிற அணி எங்கே ஆடினாலும் இதே பிரச்சினைதான்.

சரி, நான் சொன்னதை நீங்கள் மாற்ற வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஃபவுல். ரீபவுண்டுக்கு முட்டி மோதுகிற பையன்கள் சீக்கிரம் ஃபவுல் வாங்குவார்கள். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. பத்து நிமிடக் குவார்ட்டரில் முதல் குவார்ட்டரிலேயே இரண்டு வாங்கிவிட்டால் அவனை உட்காரவைக்க வேண்டிவரும். மூன்றாவது ஃபவுல் பாதி ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் கடைசிக் குவார்ட்டரில் உங்கள் கையில் இருப்பது, தொடவே பயப்படுகிற ஒரு டிஃபெண்டர். போதாக்குறைக்கு ஒரு குவார்ட்டரில் அணி நான்கு ஃபவுலைத் தாண்டினால், ஷூட் செய்யாதவனைத் தொட்டாலும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

ஆகவே அந்த நோட்டில் இன்னொன்றையும் எழுதச்சொல்லுங்கள்: இவனுக்கு முதல் இரண்டு ஃபவுல் எந்த நிமிடத்தில் வந்தது? ஒரு ஆட்டத்தில் சீக்கிரம் வந்தால் கணக்கில்லை, நடுவர் அப்படி இருந்திருக்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே இரண்டு வந்தால், அப்போது உயரமானவனைத் தொடங்கவிட்டு, இவனை நான்கைந்து நிமிடம் கழித்து இறக்குங்கள். ஆரம்பத்தில் ஆட்டம் கைமீறிப் போகக்கூடாது என்று நடுவர்கள் கொஞ்சம் கண்டிப்பாகவே விசில் ஊதுவார்கள். எதிரணிக் கால்களும் அப்போதுதான் புதிதாக இருக்கும். அந்த நேரம் தாண்டட்டும். அதற்கு முன்னால் எந்த வகை ஃபவுல் என்று பாருங்கள். கையை நீட்டிப் பந்தைத் தட்டப்போய் வருகிற ஃபவுல் என்றால் இரண்டு வாரப் பயிற்சியில் குறைக்கலாம், கையை மேலே வைத்துக் காலால் நகரச் சொல்லுங்கள். ரீபவுண்டில் முன்னால் நிற்பவன் முதுகில் ஏறி வருகிற ஃபவுல் என்றால் அவன் பாக்ஸ் அவுட்டுக்குத் தாமதமாக வருகிறான் என்று அர்த்தம், அதுவும் திருத்தக்கூடியதுதான். நகர்ந்துகொண்டே ஸ்கிரீன் வைத்து வாங்குகிற ஃபவுலுக்கு அவனைத் திட்டாதீர்கள், அது கற்றுக்கொடுக்காதவர்கள் தப்பு. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நல்ல ரீபவுண்டர் இருந்தும் தோற்ற பள்ளி அணிகளில் பலவும் தோற்றது இதனால்தான்.

இனி அந்த அப்பா. “முதல் ஐவரில் இல்லாவிட்டால் கோட்டா போய்விடும்” என்று அவராக நினைத்திருக்கமாட்டார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். மைதான ஓரத்தில் போனோடு நின்று பையன்களை வீடியோ எடுத்துக்கொண்டு, “ஸ்டேட் செலக்‌ஷன் நம்ம கையில்” என்று பெற்றோரிடம் பேச்சுக் கொடுக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: சான்றிதழில் எந்தப் போட்டி, எந்த அளவு, எந்த இடம் பிடித்தது என்பதுதான் இருக்கும். முதல் ஐவரில் ஆடினாரா என்று ஒரு கட்டமே அதில் கிடையாது. ஸ்கோர் ஷீட்டில் முதல் ஐவரின் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள், மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது வெறும் குறி. அந்த வட்டத்தை எந்தக் கல்லூரியும் கேட்டதாக நான் பார்த்ததில்லை. அணி ஜெயித்து மேலே போனால் அவர் மகனுக்கும் சேர்த்துத்தான் சான்றிதழ்.

அவர் உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சில போட்டிகளின் பெயரில் ‘நேஷனல்’, ‘இந்தியா’ என்று இருக்கும், நடத்துபவர்கள் ஊரூராகப் பணம் வாங்கிக்கொண்டு கோவாவுக்கோ நேபாளத்துக்கோ கூட்டிப்போய் மெடல் போட்டு அனுப்புவார்கள். அந்தக் காகிதம் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அதற்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மாதிரி மெடலோடு வந்து முகம் வாடிப் போகிறார்கள் தெரியுமா? பிறந்த தேதியைத் திருத்தித் தருகிறேன், ஒரு வயது குறைத்துவிடலாம் என்று சொல்பவன் இன்னும் மோசம். ஏதாவது ஒரு கட்டத்தில் எலும்புப் பரிசோதனை வைத்தால் பையனுக்குத்தான் தடை, ஏஜென்ட்டுக்கு இல்லை. எந்தெந்தப் போட்டிகள் செல்லும் என்று அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிப் புரோக்கர்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஒட்ட வேண்டிய உடற்கல்வி ஆசிரியர் இடம்தான் காலியாக இருக்கிறதே!

உயரமான பையனிடம் போட்டி அன்று காலையில் சொல்லாதீர்கள், இப்போதே சொல்லுங்கள். அவன் உட்காரவைக்கப்பட்டதாக நினைக்கக்கூடாது. வாரியர்ஸ் அணியிலேயே அதே ஆண்டு ஆண்ட்ரே இகுவோடாலா என்ற ஃபார்வர்டு, அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் இருந்தவர், பெஞ்சிலிருந்து வரச் சம்மதித்தார். இறுதிப் போட்டித் தொடரில் அணி 1-2 என்று பின்தங்கியபோது நான்காவது ஆட்டத்தில் அவரைத் தொடங்கவிட்டார்கள், அடுத்த மூன்றையும் ஜெயித்தார்கள், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. உங்கள் உயரமான பையனுக்கும் வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: முதல் குவார்ட்டர் பாதியில், கார்டுகளில் ஒருவன் மூச்சுவாங்க வெளியே வரும்போது இவன் உள்ளே போகிறான், அப்போது பந்து இவனுக்குத்தான். மாவட்டப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வெயிலில் சிமென்ட் தரையில் ஆடவைப்பார்கள், ஒரு ஃபார்வர்டை வைத்து நாளை ஓட்ட முடியாது. கடைசி ஐந்து நிமிடத்தில் யார் நிற்பது என்பதை அன்றைய நிலவரம் பார்த்து முடிவெடுங்கள். புள்ளி தேவை என்றால் உயரமானவன், முன்னிலையைக் காக்க வேண்டும் என்றால் குட்டைப் பையன்.

ஜம்ப் பாலுக்காக யாரையும் தொடங்கவைக்க வேண்டாம். சர்வதேச விதிப்படி ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஜம்ப் பால்தான், தொடக்கத்தில். அதில் பந்து கிடைக்காத அணியின் பக்கம், அடுத்த முறை பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறி போய்விடும், அதற்குப்பின் மாறி மாறி. உங்கள் சென்டரே குதிக்கட்டும், பந்தை எந்தக் கார்டை நோக்கித் தட்டுவது என்று மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே முதல் ஐவர் பெயரை ஸ்கோரர் மேசையில் உறுதிசெய்துவிட வேண்டும். அப்பாவும் அந்த நேரத்தில் மேசைப் பக்கம் வந்து நிற்பார், வார்ம்-அப்பைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.