முதலில் 200 மாடி, பிறகு மலை

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். நான், கணவர், தம்பி, பன்னிரண்டு வயது மகன் என நான்கு பேர். பூங்காவில் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறோம். ஒரு வழியாக ஏறி, மறு வழியாக இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்துசேரும் மலைப்பாதையில் ஒருநாள் நடக்க ஆசை. 12 கிலோமீட்டர், மொத்தம் 600 மீட்டர் ஏற்றம் என்றால் எங்களால் முடியுமா?

பதில்: முடியும். 12 கிலோமீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களைச் சோதிக்கப்போவது அந்த 600 மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று கணக்கிட்டால் 200 மாடி. வடசென்னை கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர். நமக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். ஆகவே பயிற்சிக்கு மாடிப்படியே கதி. நான்காவது மாடிக்கு ஒருமுறை ஏறினால் 12 மீட்டர்; 25 முறை ஏறினால் 300 மீட்டர், அதாவது உங்கள் மலையில் பாதி. வாரம் இரண்டு நாள், பத்து முறையில் தொடங்கி, ஆறு வாரத்தில் 25 முறைக்கு வந்துவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் முதுகுப்பையில் நான்கு கிலோ இருக்கட்டும்.

ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. மறுநாள் எழும் வலிக்கு அதுதான் காரணம். பயிற்சிக்கு மறுநாள் காலையில் கைப்பிடியைத் தொடாமல் படி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தேதி குறிக்கலாம்.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அவர் பழகிய மலையேறி. கல்லும் முள்ளுமான நம் பாதையில், முதல்முறை போகும் குடும்பத்துக்கு, மணிக்கு 3 கிலோமீட்டர்தான் நியாயம். நடைக்கு நான்கு மணி, ஏற்றத்துக்கு ஒன்று, உட்காரவும் உண்ணவும் ஒன்று: ஆறு மணி நேரம். காலை ஆறரைக்குக் கால் வைத்தால் பன்னிரண்டரைக்கு அடிவாரம்.

சுற்றுப்பாதையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போன வழியே திரும்பும் பாதையில், களைத்தால் திரும்பிவிடலாம் என்பது தானாகவே தோன்றும். சுற்றுப்பாதையிலோ ‘பாதி வந்தாகிவிட்டது, இனி எப்படிப் போனாலும் ஒன்றுதான்’ என்று மனம் சமாதானம் சொல்லும். ஒன்றில்லை. ஏறி வந்த வழியில் எந்தப் பாறை வழுக்கும், எங்கே நிழல், எங்கே செல்போன் சிக்னல் என்று உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் முழுவதும் புதிது. எனவே உச்சிக்கு ஒரு கெடு வையுங்கள். ஏற்றம் முதல் 5 கிலோமீட்டரில் முடிகிறது என்றால் ஒன்பதரைக்கு மேலே இருக்க வேண்டும். பத்து மணியாகியும் உச்சி வரவில்லையா, வந்த வழியே இறங்குங்கள். இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். மலையில் தம்பி ‘இன்னும் கொஞ்ச தூரம்தான் அக்கா’ என்பார்.

எந்தப் பக்கமாக ஏறுவது? செங்குத்தான பக்கம் ஏறி, சரிவான பக்கம் இறங்குங்கள். கையூன்றி ஏறிய பாறையில் இறங்குவது இரட்டிப்புச் சிரமம். வெயில் காலத்தில் மட்டும் இன்னொன்றையும் பாருங்கள்: கிழக்குச் சரிவில் காலையிலேயே வெயில் ஏறிவிடும், மேற்குச் சரிவு நெடுநேரம் நிழலில் இருக்கும்.

பாதை பிரியும் இடங்களில் ஆடு மாடு போகும் தடமும் ஆள் போகும் தடமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் வந்த திசையைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிவிட்டு, போனை விமானப் பயன்முறையில் வையுங்கள், அப்போதும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம் ஆளுக்கு மூன்று லிட்டர், கைவசம் இன்னும் அரை லிட்டர். அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலக்கலாம், எத்தனை மில்லிக்கு ஒரு பாக்கெட் என்று உறையைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் கடலைமிட்டாயும் போதும். புது ஷூ வேண்டாம். நான் ஒருமுறை வாங்கிய மறுநாளே போட்டுக்கொண்டு போனேன். இறக்கத்தில் பெருவிரல் முனையில் இடித்து இடித்து நகம் கருத்து, இரண்டு மாதத்தில் கழன்று விழுந்தது. நகத்தை ஒட்ட வெட்டி, இறக்கம் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

எந்த மலை? வடசென்னைக்காரர்கள் முதலில் சொல்வது செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியே போகும் நாகலாபுரத்தைத்தான். அது ஆந்திர வனத்துறையின் எல்லை. அனுமதியைக் கேட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓடைகள் நொடியில் பெருகும். அப்போது அந்தப் பக்கமே வேண்டாம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவில் திறந்தது. உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகில், கற்கால மனிதர் வாழ்ந்த குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு, ஒத்திகைக்கு ஏற்றது. ஜனவரியில் போய்விடுங்கள். கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் பாதைகளை மூடுவார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அனுமதி இல்லாத பாதையில் யார் அழைத்தாலும் போகக்கூடாது.

மகனை முன்னால் விடுங்கள். நால்வரில் மெதுவாக நடப்பவர் முன்னால் போனால் யாரும் பின்தங்க மாட்டார்கள். மெதுவானவர் உங்கள் கணவராக இருந்தால் அவர்தான் முன்னால். பாதையின் பெயர், அடிவார ஊர், வனத்துறை எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவரிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். மாலை நான்குக்குள் உங்கள் போன் வராவிட்டால் அந்த எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.