பேஸ்மென்ட்டில் புதுப் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ‘தட் நைன்டீஸ் ஷோ’ பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ‘தட் செவன்டீஸ் ஷோ’ (1998–2006) என்ற அமெரிக்கக் காமெடித் தொடரின் தொடர்ச்சிதான் அது. பழையதில் எரிக், டோனா, ஜாக்கி, கெல்சோ, ஃபெஸ், ஹைட் என்ற நண்பர் கூட்டம், எரிக்கின் அப்பா ரெட், அம்மா கிட்டி வீட்டு பேஸ்மென்ட்டில் கூடும். புதியதில் எரிக்–டோனா மகள் லேயாவும் அவள் நண்பர்களும் அதே இடத்தில் கூடுகிறார்கள். பழையதின் ரசிகர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதிக் கடிதங்களில் கோபம், மீதியில் ஏக்கம். இந்த இதழ்ப் பகுதி முழுக்க அவற்றுக்கே.

பழைய தொடரை எட்டு சீசனும் பார்த்தவன் நான். புதியதில் ரெட், கிட்டி வரும் காட்சிகள் மட்டும்தான் தேறுகின்றன. அந்தப் பிள்ளைகள் நடிப்பது அப்பட்டமாகத் தெரிகிறதே? – கோவை வாசகர்

கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் பலர் எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜனவரியில் தொடர் வந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் பலரும் இதைத்தான் சொன்னார்கள். ரெட்டாக வரும் கர்ட்வுட் ஸ்மித்துக்கு அப்போது 79 வயது. குரலை உயர்த்தாமல், பார்வையாலேயே எதிரில் இருப்பவரை உட்கார வைக்கிறார். கிட்டியாக டெப்ரா ஜோ ரப் சிரிக்கும் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்கள் அருமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர்கள் 200 எபிசோடு வாழ்ந்த வீடு அது. பேத்தி லேயாவாக வரும் கேலி ஹவர்டாவும் மற்ற ஐந்து பேரும் அந்த வீட்டுக்குள் அப்போதுதான் காலடி வைக்கிறார்கள். புதியவர்களின் முதல் வாரத்தை, பழையவர்களின் எட்டாவது வருஷத்தோடு வைத்துப் பார்க்கிறோம். இது நியாயமே இல்லை.

பழைய தொடரின் முதல் சீசன் மட்டும் 25 எபிசோடு. புதியதில் முதல் பாகம் பத்து, 2024-ல் எட்டும் எட்டுமாக இன்னும் இரண்டு பாகம், ஆக மொத்தம் 26. பழையவர்களுக்கு முதல் வருஷத்தில் கிடைத்த அவகாசம்தான் இவர்களுக்கு ஆயுளுக்கும் கிடைத்தது. அதிலும் நடுவில் ஒன்றரை வருஷ இடைவெளி. பதின்ம வயதில் ஒன்றரை வருஷம் என்றால் முகமே மாறிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபாக்ஸ் சேனலில் வாரம் ஒன்றாக ஒளிபரப்பான காலத்தில், சீசன் பாதியில் இருக்கும்போதே யாருக்கு ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த நடிகருக்கு ஏற்ற மாதிரி வசனம் வரும். நெட்ஃப்ளிக்ஸில் பத்து எபிசோடையும் ஒரே நாளில் இறக்கிவிட்டார்கள். நாம் கருத்துச் சொல்லத் தொடங்கும்போது எல்லாம் எடுத்து முடித்தாயிற்று. பழைய முதல் சீசனை மறுபடி பாருங்கள்: ஜாக்கி வெறுமனே கெல்சோவின் காதலி, மற்றவர்கள் சகித்துக்கொள்ளும் ஒரு பெண், அவ்வளவுதான். அவளை நாம் நேசிக்கத் தொடங்கியது ரொம்பப் பின்னால்.

ஜே அச்சு அசல் கெல்சோ, லேயா அப்பா எரிக்கின் நகல். புதிதாக ஒரு பாத்திரத்தை யோசிக்க ஆளே இல்லையா? – திருநெல்வேலி வாசகி

இந்தப் புகாரை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இதில் நடிகர்களின் பிழை எதுவும் இல்லை. ஜேயாக வரும் மேஸ் கொரோனெல் கெட்டிக்காரப் பையன். ஆனால் ஜே, மைக்கேல் கெல்சோவின் மகன் என்று சொன்ன மாத்திரத்தில், அவர் எப்படிச் சிரித்தாலும் நமக்குக் கெல்சோவாக நடித்த ஆஷ்டன் குட்சர் நினைவுக்கு வந்துவிடுகிறார். லேயாவுக்கும் அதே பாரம். அப்பா எரிக், அம்மா டோனா இருவரையும் ஒரே முகத்தில் தேடுகிறோம்.

யாருக்கு அந்த வாரிசுச் சுமை இல்லையோ, அவர்கள்தான் இந்தத் தொடரில் மூச்சு விடுகிறார்கள். டோனாவின் பழைய வீட்டில் குடியிருக்கும் க்வென் (ஆஷ்லி ஆஃப்டர்ஹைட்), பங்க் இசை கேட்டு வளரும் பெண். பழைய கூட்டத்தில் அவளைப் போல யாரும் இல்லை. அதேபோல ஆஸி (ரெய்ன் டோய்). அந்தச் சிறுவன் ஒரு வசனத்தைக்கூட அவசரப்பட்டுச் சொல்வதில்லை. முகத்தில் சலனமே இல்லாமல் சொல்லிவிட்டு, அடுத்தவர் பதில் சொல்லக் காத்திருக்கிறான். தான் தன்பாலீர்ப்பாளன் என்பதை அவன் கிட்டியிடம் சொல்லும் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அது 1995, விஸ்கான்சின் மாநிலத்துச் சிறிய ஊர். ஒரு பெரியவரிடம் அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! கிட்டி அந்த நேரத்தில் பாட்டியாக இருக்கிறாள், அவன் பிள்ளையாக இருக்கிறான். பழைய தொடரின் நிழல் அந்தக் காட்சியில் விழவே இல்லை. இப்படி இன்னும் நாலு காட்சி எழுதியிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பழைய ஆட்கள் கதவைத் திறந்தாலே கைதட்டல் காதைப் பிளக்கிறது. கதை ஓடவே மாட்டேன் என்கிறது. – சேலம் வாசகர்

அரங்கில் நடக்கும் காமெடித் தொடர்களில் அது வழக்கம்தான். எனக்கும் பழையவர்களைப் பார்த்ததும் மனசு குதித்தது. ஆனால் அந்தக் கைதட்டல் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். பழையவர் வரவேற்பை வாங்கி முடிக்கும்வரை அவர்கள் பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நிற்க வேண்டும். பிறகு யாரும் கைதட்டாத தங்கள் வசனத்தைச் சொல்ல வேண்டும். முதல் எபிசோடிலேயே இந்தச் சோதனையை வைத்ததுதான் எனக்கு வருத்தம். விருந்தாளிகளைக் கொஞ்சம் தள்ளி, நடுவில் கொண்டுவந்திருக்கலாம்.

ஜாக்கி ஃபெஸ்ஸோடுதானே சேர்ந்தாள்? இப்போது கெல்சோவோடு எப்படி? – பெங்களூரு வாசகி

2006-ல் முடிந்தபோது ஜாக்கியும் ஃபெஸ்ஸும்தான் ஜோடி. புதியதில் அதை மாற்றிவிட்டார்கள். ஜாக்கியாக நடித்த மிலா குனிஸே ஃபெஸ்தான் பொருத்தம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரும் குட்சரும் நிஜத்தில் கணவன் மனைவி என்பதால் கதையை அப்படி வளைத்திருக்கலாம் என்பது என் ஊகம். உங்கள் கட்சிதான் நானும்.

ஹைட் ஏன் வரவே இல்லை? – ஈரோடு வாசகர்

அந்த வேடத்தில் நடித்த டேனி மாஸ்டர்சன் இரண்டு பாலியல் வன்கொடுமைக் குற்றங்களில் 2023-ல் தண்டிக்கப்பட்டார். குறைந்தது 30 ஆண்டு சிறை. அவரைச் சேர்க்காதது சரி.

கல்லூரியில் படிக்கும் என் மகள் புதியதைத்தான் ரசிக்கிறாள். பழையதைப் போட்டால் எழுந்து போகிறாள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. – மதுரை வாசகி

கஷ்டப்படாதீர்கள் அம்மா. இந்தத் தொடருக்குச் சரியான ரசிகை உங்கள் மகள்தான். அவளிடம் ஒப்பிடுவதற்குப் பழைய அளவுகோல் இல்லை, அந்த ஆறு பேரை ஆறு பேராகவே பார்க்கிறாள். அவளோடு உட்கார்ந்து, யாரைப் பிடிக்கிறது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நம் கண்ணில் படாத ஒன்றைச் சொல்வாள்.

‘ஃப்ரேசியர்’ மறுவருகையிலும் இதே கதைதானா? – சென்னை வாசகர்

பாதி அப்படித்தான். ‘ஃப்ரேசியர்’ என்ற பழைய காமெடித் தொடர் 2023 அக்டோபரில் திரும்ப வந்தபோது, பழைய முக்கிய நடிகர்களில் ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமர் மட்டும்தான் தொடர் முழுக்க இருந்தார்; கதை பாஸ்டனில் நடந்தது. அப்பாவாக நடித்த ஜான் மஹோனி 2018-ல் காலமாகிவிட்டார். தம்பி நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் வர மறுத்துவிட்டார். நைல்ஸின் மகன் டேவிடாக வந்த ஆண்டர்ஸ் கீத்தை, அப்பாவைப் போலவே நடிக்கிறார் என்று ரசிகர்கள் முதலில் குறைசொன்னார்கள். ஆனால் அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஃப்ரேசியரின் மகன் ஃப்ரெடியை, ஹார்வர்டு படிப்பை விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரனாகப் போனவனாக ஆக்கினார்கள். முன்பு போலீஸ்காரத் தந்தையோடு முட்டிமோதிய அறிவாளி மகன் ஃப்ரேசியர், இப்போது உழைப்பாளி மகனோடு முட்டும் தந்தை. ஃப்ரெடியாக நடித்த ஜாக் கட்மோர்-ஸ்காட்டுக்கு அதனால் சொந்தமாக நிற்க இடம் கிடைத்தது. ஆனாலும் 20 எபிசோடோடு, 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள்.

‘தட் நைன்டீஸ் ஷோ’வின் புதிய பாகம் வருமா? இல்லையென்றால், இருப்பதை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்? – புதுச்சேரி வாசகர்

2024 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸ் நிறுத்திவிட்டது. செய்தியை ரசிகர்களுக்கு இன்ஸ்டாகிராமில் சொன்னவர் கர்ட்வுட் ஸ்மித். வேறு இடம் தேடுவோம் என்றும் எழுதினார். முதல் எபிசோடில் யார் யார் என்று தெரிந்துகொண்டு, அப்படியே இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். அதற்குள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பழகிவிட்டார்கள். பிடித்துப்போனால் முதல் பாகத்துக்குத் திரும்பி ஆஸி–கிட்டி காட்சியைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.