பறவைப் படம் எடுக்க நிக்கான் பி950, சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: இரண்டில் எதை வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: லென்ஸ் மாற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம், ஒரே கேமராவை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் பறவை எடுக்க வேண்டும், எப்போதாவது நிலா. நிக்கானில் 83 மடங்கு ஜூம், சோனியில் வெறும் 25 மடங்கு, ஆனால் விலை மட்டும் சோனிக்கு இரண்டு மடங்கு. அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் பி950 வந்தபோது (2020) 800 டாலர், சோனி வந்தபோது (2017) 1700 டாலர். என்னிடம் இருப்பது பி950, என் மச்சானிடம் இருப்பது சோனி, சேர்ந்து போகும்போதெல்லாம் பாதி நேரம் மாற்றி மாற்றித்தான் வைத்திருப்போம், அதனால் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் தைரியமாகவே பேசலாம்.

முதலில் அந்த 83, 25 கணக்கைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு ஜூமுமே 24 மி.மீ.யில் தொடங்குகின்றன, நிக்கான் 2000 வரை போகிறது, சோனி 600இல் நின்றுவிடுகிறது. ஆனால் இவையெல்லாம் பழைய ஃபிலிம் கேமரா கணக்குக்கு மாற்றிச் சொல்லும் எண்கள். லென்ஸின் உண்மையான குவியத்தூரம் நிக்கானில் 357 மி.மீ., சோனியில் 220 மி.மீ., அவ்வளவுதான். முழு ஜூமில் நிக்கானின் துளை எஃப் 6.5, சோனியின் துளை எஃப் 4. இப்போது 357ஐ 6.5ஆல் வகுத்துப் பாருங்கள், 220ஐ 4ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 55 மி.மீ., அதுதான் வெளிச்சம் நுழையும் வாயிலின் அகலம்! அதாவது ஒரே இடத்தில் நின்று ஒரே கொக்கைப் பார்த்தால், இரண்டு கேமராவுக்குள்ளும் அந்தக் கொக்கிலிருந்து போகும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே கரண்டி மாவு, சோனி அதை ஊத்தப்பமாக ஊற்றுகிறது, நிக்கான் பேப்பர் ரோஸ்ட்டாக இழுக்கிறது. விளம்பரத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சோனியின் சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) நிக்கானின் சென்சாரைப்போல நான்கு மடங்கு பரப்பு. அதனால் பறவை கிட்டத்தில் இருந்து, 600 மி.மீ.யிலேயே சட்டகத்தை நிறைத்துவிட்டால், சோனிக்குப் பக்கத்தில் நிக்கான் நிற்கவே முடியாது. இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரியும், ஐஎஸ்ஓ, அதாவது மங்கல் வெளிச்சத்துக்காகக் கூட்டும் உணர்திறன், 1600 வைத்தாலும் படம் கலங்காது. நிக்கானில் ஐஎஸ்ஓ 800 தாண்டினாலே இறகு மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், ரா கோப்பில் (கேமரா கைவைக்காத மூலக் கோப்பு) எடுத்து உட்கார்ந்து சரிசெய்தால் ஓரளவு தேறும்.

ஆனால் பறவை தூரத்தில் இருந்தால்? சோனிப் படத்தை நிக்கானின் 2000 மி.மீ. அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 2 மெகாபிக்சலுக்கும் குறைவு. வாட்ஸ்அப்பில் அனுப்ப, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்ட் தளத்தில் அடையாளத்துக்காக ஏற்ற அது போதும், சுவரில் மாட்ட போதாது. ஒரு சிறு மீன்கொத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள், அலகு முதல் வால் வரை 16 செ.மீ. இருக்கும். 10 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் சோனியில் அது 1400 பிக்சலுக்கு மேல் நீளம் வரும், தாராளம். அதுவே 60 மீட்டர் தள்ளிப் போனால் சோனியில் 240 பிக்சல்தான், நிக்கானில் 700. உடனே நிக்கானில் மூன்று மடங்கு விவரம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை சின்ன பிக்சலில் எஃப் 6.5 துளை என்றால் ஒளியே விளிம்பு வளைவால் சிதறி ஒவ்வொரு புள்ளியும் பல பிக்சல்களுக்குப் பரவிவிடும். கண்ணுக்குத் தெரியும் லாபம் என் அனுபவத்தில் இரண்டு மடங்குக்குள்தான். ஆனாலும் லாபம் லாபம்தான்.

ஆக, நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பறவை வழக்கமாக எவ்வளவு தூரத்தில் இருக்கும்? வேடந்தாங்கலில் நீங்கள் கரையில்தான் நடக்க முடியும், சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் தண்ணீருக்கு நடுவே உள்ள மரங்களில் இருக்கும், கிட்டே போக வழியே கிடையாது. பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்றால் தாழைக்கோழி சில சமயம் காலடியிலேயே மேயும், ஆனால் பூநாரைக் கூட்டம் எங்கோ ஒரு வெளிறிய கோடாகத்தான் தெரியும். வீட்டுத் தோட்டம், வயல் வரப்பு, பழகிப்போன பறவைகள் என்றால் சோனி. பெரிய ஏரி, சதுப்பு நிலம், எட்டாத மரம் என்றால் நிக்கான்.

இதில் இன்னொரு சிக்கல், பறவை சும்மா உட்கார்ந்திருக்காது. சோனியில் 315 புள்ளிகளுடன் ஃபேஸ் டிடெக்ஷன் ஃபோகஸ் (எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்ளும் வேகமான முறை), நொடிக்கு 24 படம். நிக்கானில் கான்ட்ராஸ்ட் முறை ஃபோகஸ் (முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும் மெதுவான முறை), நொடிக்கு 7 படம், அதுவும் 10 படம் எடுத்ததும் மூச்சு வாங்க நின்றுவிடும். மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது, இருவரும் குறிபார்த்துக்கொண்டே இருந்தோம். அது குனிந்து, சிறகை விரித்து, கீழே பாய்ந்து, வெட்டுக்கிளியோடு திரும்பிவந்து உட்கார்ந்தது, எல்லாம் சில நொடிதான். சோனியில் அந்த நீலச் சிறகு விரிந்த படங்கள் வரிசையாக இருந்தன, அதில் பாதி பளிச்சென்று. என்னுடையதில் முதல் இரண்டு படத்தில் வால் முனை, அப்புறம் வெறும் கம்பி, அப்புறம் "சேமிக்கிறது" என்று சுற்றிக்கொண்டிருக்கும் திரை. பறக்கும் பறவைதான் உங்கள் ஆசை என்றால் இதற்குமேல் படிக்கவே வேண்டாம், காசு சேர்த்து சோனி வாங்குங்கள். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி மட்டும் நிக்கானுக்கும் இரக்கம் காட்டும்.

2000 மி.மீ.யில் பறவையைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. ஒரு பாகை அகலம்தான் தெரியும், அடர்ந்த கருவேல மரத்தில் எந்தக் கிளை என்றே புரியாது. அதற்காகவே லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அழுத்திப் பிடித்தால் ஜூம் சட்டென்று பின்வாங்கும், பறவையை நடுவில் கொண்டுவந்து விரலை எடுத்தால் திரும்ப உள்ளே போகும். முதல் நாளே இதைப் பழகிக்கொள்ளுங்கள். அதிர்வுக் கட்டுப்பாடு அபாரம், ஒரு தூணிலோ கைப்பிடிச் சுவரிலோ சாய்ந்துகொண்டால் ஸ்டாண்டே இல்லாமல் 2000இல் எடுக்கலாம்.

எந்த கேமராவாலும் சரிசெய்ய முடியாத ஒன்று கானல். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கும் தரைக்கும் மேல் காற்று நெளியும், 600இல் அது பெரிதாகத் தெரியாது, 2000இல் நாரையின் கழுத்தே நெளியும். ஃபோகஸ் கெட்டுவிட்டது, லென்ஸ் பழுது என்று வாங்கிய வாரமே கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்குள் எடுத்துப் பாருங்கள், லென்ஸ் தானாகக் குணமாகியிருக்கும். நிக்கான் வாங்கிவிட்டு பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஆளாக இருந்தால் அந்த நீள ஜூமுக்குக் கொடுத்த காசு வீண்தான்.

நிலாவுக்கு? யோசனையே வேண்டாம், நிக்கான். சட்டகத்தின் உயரத்தில் முக்கால்வாசிக்கு நிலாவே நிற்கும், சோனியில் கால்வாசிகூட வராது. டயலைத் திருப்பினால் நிலாவுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. இதற்கு முந்தைய பி900ஐ வைத்துத்தான் பூமி தட்டை என்று சொல்கிற கூட்டம் தொடுவானத்தில் மறைந்த கப்பலை ஜூமில் இழுத்து வந்தோம் என்று காணொளி காணொளியாகப் போட்டது, பாவம் கேமரா, அது என்ன செய்யும்.

நிறையப் பேர் கவனிக்காத இன்னொரு விஷயம், கிட்டத்து ஃபோகஸ். சோனி முழு ஜூமில் 72 செ.மீ. வரை வந்து ஃபோகஸ் செய்யும். பறவை சிக்காத நாளில் தும்பி, வண்ணத்துப்பூச்சி என்று எடுத்துத் தள்ளலாம், தும்பியின் கண்ணில் உள்ள கட்டங்கள்வரை வரும். நிக்கானுக்கு முழு ஜூமில் 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அருகில் எடுக்க ஜூமைக் குறைத்துக்கொண்டு லென்ஸைப் பூவுக்குள்ளேயே நுழைக்க வேண்டும், அதற்குள் பூச்சி பறந்துவிடும்.

மற்றதெல்லாம் சில்லறை. எடை இரண்டும் ஒரு கிலோவை ஒட்டித்தான். சோனிக்குத் தூசி, சாரல் தாங்கும் கட்டமைப்பு உண்டு, நிக்கானுக்கு இல்லை, நான் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பேன். நிக்கானின் திரை பக்கவாட்டில் திறந்து முழுதாகத் திரும்பும், சோனியில் மேலும் கீழும் மட்டும் சாயும், ஆனால் தொடுதிரை. பேட்டரி நிக்கானில் 290 படம், சோனியில் 400 என்று கணக்கு, எதை வாங்கினாலும் இன்னொன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

யாராவது இடையில் புகுந்து பி1000 வாங்கு, அதில் 3000 மி.மீ. இருக்கிறது என்பார்கள். 1400 கிராமுக்கு மேல் எடை, துளை எஃப் 8. கானல் பற்றி மேலே சொன்னதை இன்னும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். நிலா மட்டுமே குறி என்றால் சரி.

நீங்கள் ஏரிக்கரை என்று எழுதியிருப்பதாலும், பறப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாததாலும், என் ஓட்டு பி950க்கு. மிச்சமாகும் காசில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கலாம், பறவையைத் தேட அதுதான் கேமராவைவிட உதவும்.

பழையது வாங்குவதாக இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஜூமைக் கடைசிவரை இழுத்து, வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது, லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் பிரித்துத்தான் சுத்தம் செய்ய முடியும், அந்தச் செலவு தாங்காது. ஜூம் போகும்போதும் வரும்போதும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், இடையில் திக்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.