வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: அசற்றைல்கோலின் மிஞ்சினால் என்ன, குறைந்தால் என்ன?

கேள்வி: என் தம்பி அறக்கொட்டிக்கு மருந்தடித்துவிட்டு வயலிலிருந்து வரும்போதே கண் மங்குகிறது என்றான். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, எச்சில் வடிந்தது, கைத்தசைகள் துடித்தன. வைத்தியசாலையில் அற்றோப்பீன் மருந்தை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூச்சுத்திணறல் குறைந்தது. ஆனால் அன்றிரவு வாய் உலர்ந்து, உடம்பு சுட்டு, சம்பந்தமில்லாமல் பேசி, போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் அசற்றைல்கோலின்தான் காரணம் என்று தாதி சொன்னார். நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டதா? – வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தாதி சொன்னது சரிதான், சகோதரி. அசற்றைல்கோலின் என்பது நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனப் பொருட்களில், அதாவது நரம்புச்செலுத்திகளில், ஒன்று. ஆனால் பகலில் நடந்ததும் இரவில் நடந்ததும் நேரெதிரானவை. பகலில் அசற்றைல்கோலின் மிஞ்சியிருந்தது. இரவில் அதன் வேலை தடுக்கப்பட்டிருந்தது.

ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்தை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்களவு இடைவெளி உண்டு. மின் கணத்தாக்கம் நரம்பின் நுனியை அடைந்ததும் அங்கே கல்சியம் அயன்கள் உட்புக, புடகங்கள் எனும் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும் நரம்புச்செலுத்தி அந்த இடைவெளிக்குள் கொட்டப்பட்டு, எதிர்ப்புறக் கலத்திலுள்ள வாங்கிகளில் போய் ஒட்டுகிறது. தசையில் அந்த வாங்கியே ஒரு வாயிலாகவும் இருப்பதால், வாய்க்காலில் துருசு திறந்தாற்போல் சோடியம் அயன்கள் உள்ளே பாய்ந்து தசை சுருங்குகிறது. குளுற்றமேற்று, காபா, டோப்பமீன், செரட்டோனின் என்று நரம்புச்செலுத்திகள் பல உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் கலங்களுக்குள் மீள உறிஞ்சப்படுகின்றன. அசற்றைல்கோலினின் கதை வேறு. அசற்றைல்கோலினெசுத்தரேசு என்ற நொதியம் இடைவெளியிலேயே காத்திருந்து அதை உடைத்துவிடுகிறது. ஒரு நொதிய மூலக்கூறு செக்கனுக்குப் பல ஆயிரம் மூலக்கூறுகளை உடைக்க வல்லது. உடைபட்ட கோலின் மட்டுமே நரம்புக்குள் திரும்பிப் போய் மறுபடி பயன்படுகிறது.

சேதனப் பொசுபரசு வகைக் கிருமிநாசினிகள் தாக்குவது இந்த நொதியத்தைத்தான். காபமேற்று வகையும் அதையே தாக்குகிறது. ஆனால் அதன் பிடி சில மணித்தியாலங்களில் தானாகவே தளர்ந்துவிடும். நொதியம் முடங்கினால் கொட்டப்பட்ட அசற்றைல்கோலின் அகலாமல் வாங்கிகளைத் திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியதால் பார்வை மங்கியது, சுரப்பிகள் ஓயாததால் வியர்வையும் எச்சிலும் வடிந்தன, தசைகள் துடித்தன. இவை அனைத்திலும் ஆபத்தானது நுரையீரலுக்குள் சளிநீர் ஊறி நிரம்புவதாகும். அற்றோப்பீன் நொதியத்தைச் சீராக்குவதில்லை. சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள ‘மசுக்கரினிக்கு’ எனும் வகை வாங்கிகளில் தான் போய் அமர்ந்து அசற்றைல்கோலினுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதனாலேயே நெஞ்சில் இரைச்சல் அடங்கி நாடித்துடிப்பு ஏறும்வரை அதை மீண்டும் மீண்டும் கொடுக்கிறார்கள்.

அந்த அளவு சற்று மிஞ்சும்போது நீங்கள் இரவில் கண்ட நிலை வருகிறது. கிருமிநாசினியும் மூளைக்குள் நுழையக்கூடியதுதான். ஆனால் வாய் உலர்ந்து உடம்பு சுட்டது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது அற்றோப்பீனையே காட்டுகிறது. மூளையில் கவனத்தையும் புதிய நினைவுகள் பதிவதையும் தாங்கும் பகுதிகளுக்கு அசற்றைல்கோலின் இன்றியமையாதது. அங்கே வாங்கிகள் அடைபட்டால் மனிதர் விழித்திருந்தும் தெளிவின்றி இருப்பார். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதே காரணத்தால்தான். அற்றோப்பீனும் அதையொத்த பொருட்களும் அச்செடியிலேயே உள்ளன. மருந்தின் அளவைக் குறைத்ததும் இக்குழப்பம் தெளிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்சிலும் வியர்வையும் நின்று ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கும் வேளையில், முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், கழுத்தைத் தூக்க முடியாமலும் மூச்சுத் தசைகள் சோர்ந்தும் போகலாம். தசைகளிலுள்ள ‘நிக்கொட்டினிக்கு’ எனும் வேறு வகை வாங்கிகளை அற்றோப்பீன் தொடுவதில்லை. எனவே அதனால் இதைத் தடுக்க இயலாது. இந்நிலைக்கு இடைநிலைக் கூட்டறிகுறி எனப் பெயரிட்டு 1987 இல் உலகுக்கு விவரித்தவர்கள் நம் இலங்கை மருத்துவர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் ஆவர். வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளி அவசரப்பட்டாலும் வாட்டில் சில நாள் வைத்திருப்பது இதனால்தான். முடங்கிய நொதியத்துக்குப் பதிலாக உடல் புதிதாய் உருவாக்கச் சில வாரங்கள் எடுக்கும். அதற்குள் தம்பி மறுபடி தெளிகருவியை முதுகில் ஏற்றக் கூடாது. கூலிக்கு ஆள் பிடிப்பது செலவுதான், ஆனாலும் இந்தப் போகத்துக்கு வேறொருவர் அடிக்கட்டும். ஒழுகும் கருவியால் நனைந்த சேட்டையும் சாரனையும் மாற்றாமல் நிற்பதே பலருக்கு நஞ்சு ஏறும் வழி. மூக்கைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம் பக்கத்தில் நிலவும் எண்ணம் தவறானது. இது தோலினூடாக நன்றாகவே உடலுக்குள் போகும்.

கேள்வி: என் உம்மாவுக்கு மறதி நோய்க்கு டொனெபெசில் குளிசை தந்திருக்கிறார்கள். அதுவும் அந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்து என்று கேள்விப்பட்டுப் பயந்துபோனோம். தொடர்ந்து கொடுக்கலாமா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கொடுக்கலாம். தடுக்கும் நொதியம் ஒன்றே. தடுக்கும் விதமும் அளவும் வேறு. டொனெபெசில் நொதியத்தைப் பிடித்து மீண்டும் விட்டுவிடுகிறது. அல்சைமர் நோயில் மூளையின் அடிப்பகுதியிலிருந்து மேற்பட்டைக்கு அசற்றைல்கோலின் அனுப்பும் நரம்புக்கலங்கள் மடிந்துபோகின்றன. எஞ்சியவை சுரப்பதைச் சற்று நேரம் கூடுதலாக நிலைக்க வைப்பதே இக்குளிசையின் பணி. மடிந்த கலங்களை அது மீட்காது, நோயையும் நிறுத்தாது. சிலருக்கு ஓரளவு தெளிவு கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. வயிற்றோட்டம், குமட்டல், நாடித்துடிப்பு மந்தமாதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். தலைசுற்றி விழுந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் உம்மா போடும் மற்றக் குளிசைகளின் பெயர்களையும் எழுதியிருந்தது நல்லதாயிற்று. அவற்றில் சொறிக்குப் போடும் குளோர்பெனிரமினும் நித்திரைக்கான அமிற்றிப்ரிலீனும் இருக்கின்றன. இரண்டும் அசற்றைல்கோலினின் வாங்கிகளை அடைப்பவை. ஒரு குளிசை கூட்டுவதை மற்றவை மறைத்துவிடுகின்றன. மறதியும் மலச்சிக்கலும் இவற்றால் மோசமாகலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோய் வைத்தியர் முன் கொட்டுங்கள்.

கேள்வி: அசற்றைல்கோலின் கைத்தசையைச் சுருங்கச் செய்கிறது, இதயத் துடிப்பையோ மந்தமாக்குகிறது. ஒரே பொருள் இரண்டையும் எப்படிச் செய்யும்? – உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: விளைவைத் தீர்மானிப்பது வாங்கி. எலும்புத் தசையிலுள்ளது நிக்கொட்டினிக்கு வாங்கி. அது திறந்தால் சோடியம் உட்புகும். இதயத்திலுள்ளது மசுக்கரினிக்கு வாங்கி; அது ஒரு புரதத்தின் வழியே பொற்றாசியம் வாயில்களைத் திறந்து, கலத்தை அடங்கச் செய்கிறது. 1921 இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் துடிப்பை மந்தமாக்கும் வேகசு நரம்பைத் தூண்டி அது மந்தமானதும், அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்ற இதயத்தில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மந்தமாயிற்று. நரம்பு இரசாயனத்தால் செய்தி அனுப்புகிறது என்பதற்கு அதுவே தெளிவான சான்றாக அமைந்தது. 1936 இல் அவரும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பரீட்சையில் அசற்றைல்கோலின் ஒரு தூண்டும் பொருள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த உறுப்பில், எந்த வாங்கியில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.